நாகர்கோவிலின் ஆளில்லாத இரவுத் தெருக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது பற்றி

நள்ளிரவுக்குப் பிறகு மணிமேடை, வேப்பமூடு, வடசேரி பக்கங்களில் ஆளில்லாத தெருக்களைப் படமெடுத்து வருவதாக எழுதியிருந்தீர்கள், தம்பி. கேமராவின் திரையில் அழகாகத் தெரிகிற படம், வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையாக மாற்றியதும், ஒன்று பகலில் எடுத்ததுபோல வெளிறிப் போகிறது, அல்லது நாலைந்து வெள்ளைப் பொட்டுகளும் சுற்றிலும் வெறும் கரியுமாக நிற்கிறது என்றும், இதற்கு விலை கூடிய கேமரா வாங்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் காரணம் கேமராவில் இல்லை. தெரு முழுவதையும் ஒரே படத்தில் தெரியவைக்க முயல்வதில்தான் இருக்கிறது. இரவில் ஒரு தெருவில் விளக்கு எட்டுகிற இடம் மட்டுமே படத்துக்கு உரியது. எந்த விளக்கை எடுத்துக்கொள்வது, அது எட்டாத இடத்தை எவ்வளவு இருட்டாக விடுவது என்ற இரண்டு முடிவுகளையும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷட்டரை 30 விநாடி வரை திறந்து வைக்கவும், கேமரா தானே திருத்திவிடாத ரா கோப்பாகச் சேமிக்கவும் முடிகிற எந்தக் கேமராவும் இதற்குப் போதும். அசையாத தெருவை அசையாத ட்ரைபாடில் வைத்து, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 100-ல் நிறுத்தி எடுக்கும்போது, மிக அகலமாகத் திறக்கிற எஃப் 1.4 லென்ஸுக்குச் செலவழிக்கிற பணம் வீண். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கனமான ட்ரைபாடில் போடுங்கள். கன்னியாகுமரிக் கடற்கரைச் சாலையில் இரவுக் காற்றுக்கு இலேசான ட்ரைபாட் நடுங்குவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். கைபேசியில் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதன் இரவு முறை, பல படங்களை அடுக்கிச் சேர்த்து நிழல்களையெல்லாம் தூக்கிவிட்டு, இரண்டு மணி இருட்டை மாலை ஆறரை மணியாக்கித் தந்துவிடும். ப்ரோ முறைக்குப் போய், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, நீங்களே வைத்தால்தான் இரவு இரவாக வரும்.

இப்போது வெளிறிப் போகிற குறை. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு இரவு என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. கருந்தார்ச் சாலையும், அடைத்த கடைகளும், கறுத்த வானமும் நிறைந்த காட்சியைக் காட்டினால், எல்லாவற்றையும் சாம்பலாக்கும் வரை அது ஷட்டரைத் திறந்து வைக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் அன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையை ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது. முழுக்கறுப்பைச் சுழியம் என்றும், நடுச்சாம்பலை ஐந்து என்றும், தாளின் வெள்ளையைப் பத்து என்றும் எண்ணுகிற முறை அது. விளக்கு விழுகிற சுவரை ஆறிலோ ஏழிலோ வையுங்கள். சாலையின் வெளிச்சமான பகுதி நான்கில் இருக்கட்டும். ஓட்டு வீட்டின் தாழ்வாரத்துக்குக் கீழே உள்ள நிழல் இரண்டுக்கும் ஒன்றுக்கும் போகட்டும். அங்கே கதவு இருப்பது மங்கலாகத் தெரிந்தால் போதும், கதவின் பூட்டு தெரியத் தேவையில்லை. நடைமுறையில் இது, மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுப்பதில் வந்து முடியும். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் ஒளியைப் பாதியாக்குவது.

எண்களாகவே சொன்னால் உங்களுக்கு எளிதாக இருக்கும். தெருவிளக்கு நன்றாக விழுகிற சந்திப்பில், ஐஎஸ்ஓ 100, லென்ஸின் திறப்பு எஃப் 8 (இந்த எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) என்று வைத்தால் நான்கு விநாடி ஒரு நல்ல தொடக்கம். கம்பத்துக்குக் கம்பம் தூரம் கூடிய உள்தெருவில் அதே அமைப்புக்குப் பதினைந்து விநாடி ஆகும். முழுநிலவு மட்டுமே வெளிச்சம் என்றால், எஃப் 4, ஐஎஸ்ஓ 400 வைத்தாலும் பதினைந்து முதல் முப்பது விநாடி வேண்டும். பௌர்ணமியன்று மின்தடை வந்தால், வீட்டில் மெழுகுவத்தி தேடாமல் கேமராவை எடுத்துக்கொண்டு பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் ஓரம் போய்விடுகிற பழக்கம் எனக்குண்டு. கருங்கல்லில் நிலவு விழுவதைப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. எடுத்ததும் திரையைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இருட்டில் நிற்கும் கண்ணுக்கு எந்தத் திரையும் பிரகாசமாகத்தான் தெரியும், நீங்கள் ஏமாந்ததும் அங்கேதான். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; இடப்பக்கம் கறுப்பும் வலப்பக்கம் வெள்ளையுமாக, படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம் அது. அதன் மேடு இடப்பக்கம் சாய்ந்திருப்பதுதான் இரவுப் படத்துக்கு இயல்பு. வலப்பக்கச் சுவரில் முட்டி நிற்பது விளக்கின் முகம் மட்டுமாக இருக்க வேண்டும்.

இனி வெள்ளைப் பொட்டுகள். எரிகிற விளக்கின் முகத்துக்கும் அதன் கம்பத்தடி நிழலுக்கும் இடையே உள்ள வெளிச்ச வேறுபாட்டை எந்த ஃபிலிமும், டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் எந்தச் சென்சாரும் முழுதாகத் தாங்காது. ஆகவே விளக்கை மறைத்துவிட்டு, அது தருகிற வெளிச்சத்தை மட்டும் எடுங்கள். ஒரு மரத்தின் அடிமரமோ, ஒரு தூணோ, ஒரு சுவர் முனையோ விளக்கை மறைக்கும்படி இரண்டடி இடமாகவோ வலமாகவோ நகர்ந்தால் போதும். மறைவிலிருந்து வரும் ஒளி, சாலையின் ஒவ்வொரு கல்லையும் எடுத்துக்காட்டும். 1930-களில் பாரிஸ் நகரின் இரவைப் படமெடுத்த பிரஸ்ஸாய் இதைத்தான் செய்தார். விளக்கை மரத்துக்கும் சுவருக்கும் பின்னால் ஒளித்தார், மூடுபனியும் மழையும் உள்ள இரவுகளைத் தேடிப் போனார், எக்ஸ்போஷர் நேரத்தைச் சிகரெட் எரிந்து தீரும் நேரத்தால் அளந்தார். விளக்கு படத்துக்குள் வந்தே ஆக வேண்டும் என்றால், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, எஃப் 11-க்கோ 16-க்கோ சுருக்குங்கள். பொட்டு கதிர்விட்டு நட்சத்திரமாகும். ஏழு இதழ் அப்பர்ச்சர் பதினான்கு கதிரும், எட்டு இதழ் எட்டுக் கதிரும் தரும். லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்கென்று மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரை அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு போலி விளக்கு படத்தின் எதிர்மூலையில் தோன்றும்.

ஃபிலிமில் எடுக்கும் ஆசையும் உண்டு என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில், ஒரு முழு ரோலையும் கோட்டாறு கம்போளத் தெருவில் ஓர் இரவு முழுக்க நின்று எடுத்தேன். மீட்டர் காட்டிய நேரத்தைத் தவறாமல் கொடுத்தேன். டார்க்ரூமில் கழுவி எடுத்தபோது, கண்ணாடிபோலத் தெளிந்த ஃபிலிமில் விளக்குகள் மட்டும் சிறு கறுப்புப் புள்ளிகளாக இருந்தன, தெரு இல்லை. ஃபிலிமில் ஒரு குறையும் இல்லை, கணக்கை அறியாதவன் நான். வெளிச்சம் மிகக் குறைவாக, நேரம் மிக நீளமாகப் போகும்போது ஃபிலிமின் உணர்திறன் இறங்கிவிடும். நேரத்தை இரட்டித்தால் பதிவும் இரட்டிக்கும் என்ற விதி அங்கே செல்லாது. இல்ஃபோர்ட் ஹெச்பி5 ஃபிலிமுக்கு அதன் தயாரிப்பாளர்கள் தந்திருக்கும் கணக்குப்படி, மீட்டர் 10 விநாடி காட்டினால் ஏறத்தாழ 20 விநாடி கொடுக்க வேண்டும். 30 காட்டினால் 86 விநாடி கொடுக்க வேண்டும். அந்த எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கேமராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமான எக்ஸ்போஷரில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு கூடும் என்பதால், டெவலப் செய்யும் நேரத்தில் பதினைந்து சதவீதம் குறைப்பதும் நல்லது. டிஜிட்டல் சென்சாருக்கு இந்த இறக்கம் கிடையாது. அதன் தொல்லை வேறு. நம் ஊரில் இரவிலும் 25 டிகிரிப் பக்கம் வெப்பம் இருப்பதால், சென்சார் சூடேறி, இருட்டில் வெள்ளை மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும். படத்துக்குப் படம் சற்று இடைவெளி கொடுத்தால் அது பெருமளவு குறையும்.

அடுத்து விளக்கின் நிறம். கறுப்பு வெள்ளைக்கு நிறம் எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்தக் கலையில் பாதி அங்கேதான் இருக்கிறது. பழைய சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் மஞ்சளும் ஆரஞ்சும்தான். அதில் நீலம் இல்லை என்றே சொல்லலாம். உங்கள் சென்சாரின் ஒவ்வொரு நான்கு புள்ளியிலும் இரண்டு பச்சைக்கும், ஒன்று சிவப்புக்கும், ஒன்று நீலத்துக்கும் உரியவை. சோடியம் விளக்கின் கீழ் நீலத்துக்குரிய புள்ளிகள் ஏறக்குறையப் பட்டினி கிடக்கின்றன. விளக்கின் மஞ்சளை நீக்க வெண்சமநிலையைத் (ஒயிட் பேலன்ஸை) திருத்துகிறேன் என்று நீலத்தை வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டு அதன்பின் கறுப்பு வெள்ளையாக்கினால், சுவரெல்லாம் சொறிபிடித்ததுபோல ஆகிவிடும். எல்இடி விளக்கில் அந்தச் சிக்கல் இல்லை, மாறாக அது கடுமையானது; அதன் வெண்மையின் அடியில் நீலம் தூக்கலாக இருக்கும், நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல விழும். நம் மாவட்டத்தில் பெரிய சாலைகள் எல்இடிக்கு மாறிவிட்டன. மஞ்சள் விளக்கு இன்னும் எரிகிற முடுக்குகளை நான் மனத்தில் குறித்து வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒரே சட்டகத்தில் இரண்டும் அமைந்தால், அதைவிடப் பெரிய வசதி இல்லை. மென்பொருளில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ஆரஞ்சை மட்டும் இறக்கினால், மஞ்சள் விளக்கின் எல்லை முழுதும் இருட்டுக்குள் அமிழும், எல்இடி விழுந்த சுவர் அசையாமல் நிற்கும். ஏற்றினால் அதற்கு நேர்மாறு. தெருவில் எந்த விளக்கு முன்னால் பேச வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்கலாம்.

ஆளில்லாமல் இருப்பது என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. 1838-ல், புகைப்படக் கலையின் முன்னோடியான டாகுவேர், பாரிஸின் ஒரு பெருந்தெருவைத் தன் சன்னலிலிருந்து எடுத்தார். பகல் நேரம், வண்டிகளும் மனிதர்களுமாக நெரிந்த தெரு. பல நிமிடங்கள் நீண்ட எக்ஸ்போஷரில் நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் ஒரு சுவடும் இன்றி மறைந்துபோக, காலணிக்கு மெருகு போட ஒரே இடத்தில் நின்றிருந்த ஒருவர் மட்டும் பதிந்தார். அந்த வெறுமை ஷட்டர் உண்டாக்கியது. உங்களுக்கும் அதே வழி திறந்திருக்கிறது: 30 விநாடி எக்ஸ்போஷரில் யாராவது நடந்து கடந்தால் கவலைப்படாமல் விடுங்கள், பதியமாட்டார். ஆனால் வண்டியின் முகப்பு விளக்கு கட்டாயம் கோடு போடும். அதற்கு ஒரு கறுப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வளைவில் திரும்பும் ஓசை கேட்டதும், லென்ஸைத் தொடாமல் அதன் முன்னால் அட்டையைப் பிடித்து, வண்டி போனதும் எடுத்துவிடுங்கள். எத்தனை விநாடி மறைத்தோமோ அத்தனையையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஷட்டரை வேண்டிய நேரம் வரை திறந்து வைக்கும் பல்ப் முறையில் ஒரே படத்துக்கு ஏழெட்டு முறை இப்படி மறைத்து, வடசேரி பேருந்து நிலையத்தின் முன்சாலையைக்கூட ஆளற்றதாக எடுக்க முடியும்.

ஆனால் எடுக்க முடியும் என்பதற்காக எடுத்த அந்தப் படங்கள் எனக்கு நிலைக்கவில்லை. உண்மையாகவே ஓய்ந்த தெருவில் இருக்கும் அமைதி அவற்றில் வருவதில்லை. அதற்கு நம் ஊர்கள் எப்போது தூங்குகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும், ஊருக்கு ஊர் அது வேறு. நாகர்கோவிலில் கடைசித் தட்டுக்கடையும் அடுப்பை அணைத்த பிறகு, ஒன்றரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்தான் 1893-ல் திறக்கப்பட்ட மணிக்கூண்டான அந்த மணிமேடையைச் சுற்றி உண்மையான அமைதி இருக்கும். கன்னியாகுமரியில் நான்கரைக்கெல்லாம் சூரிய உதயம் பார்க்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். சபரிமலை சீசனில், கார்த்திகை மார்கழி இரண்டு மாதமும், அந்த ஊர் தூங்குவதே இல்லை, போக வேண்டாம். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போகிறவர்கள் மூன்று மணிக்கு விளக்கேற்றி நடமாடத் தொடங்குவார்கள், ஆகவே அங்கே பதினொன்றரைக்குப் போனால் தெரு உங்களுக்கு. தோவாளையில் விடியலுக்கு வெகு முன்பே பூச்சந்தை கூடிவிடும். அங்கே ஆளில்லாத தெருவைவிட, ஆள் வரப்போகிற தெருவை எடுப்பதுதான் நன்றாக அமையும், விரித்துப் போட்ட வெறும் சாக்கும் ஒற்றை பல்பும் இருக்கிற அந்த அரைமணி நேரத்தை. சுசீந்திரத்தில் தெப்பக்குளத்தின் படிகள் பக்கம் போங்கள், கோபுரத்தின் பக்கம் போக வேண்டாம். கோபுரத்தை எல்லோரும் எடுத்துவிட்டார்கள்.

நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த படத்தைப் பற்றிச் சொன்னால், மேலே சொன்னவை ஒன்று சேர்வது விளங்கும். வடிவீஸ்வரத்தில், ஓட்டு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் அக்ரஹாரத் தெரு, மார்கழி மாதம், மூன்றே முக்கால் மணி. தெருவில் ஒரே விளக்கு, அதை ஒரு திண்ணைத் தூணுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கேமராவை வைத்திருந்தேன். முன்னால் முந்தைய நாள் கோலம். ஒரு சைக்கிள் டயர் அதன் குறுக்கே போயிருந்தது. டயரின் வரி, புள்ளி புள்ளியாகக் கோலமாவை இழுத்துக்கொண்டு, நாலடி தள்ளிப் போய் மங்கி முடிந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கோலப்பொடியின் ஒவ்வொரு துணுக்குக்கும் தனித்தனியாக ஒரு நிழல் இருந்தது. பதினைந்து விநாடி கொடுத்து இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதற்கு ஷட்டரைத் திறந்து ஐந்து விநாடி ஆகியிருக்கும், எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு வயதான அம்மா வாளியுடன் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை வீசித் தெளித்துவிட்டு உள்ளே போனார். அந்த அம்மா படத்தில் இல்லை. தெளித்த தண்ணீர் இருக்கிறது: வறண்ட சாம்பல் தரையின் நடுவில் கறுத்த ஒரு வட்டம், அதற்குள் விளக்கின் ஒளி நீளமாக உடைந்து கிடக்கிறது, பக்கத்தில் பழைய கோலம். ஆள் இப்போதுதான் உள்ளே போனார் என்பது அந்த ஈரத்தில் தெரிகிறது. இன்றைக்கும் யாராவது அந்தப் படத்தைப் பார்த்தால், கதவைத்தான் பார்க்கிறார்கள்.

ஈரம் என்றதும் மழையைச் சொல்லிவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒருசேரப் பெறுகிற மாவட்டம் இது. ஆண்டில் பல மாதம் ஈரமான தார்ச்சாலை நமக்குக் கிடைக்கும். வறண்ட தார் வெளிச்சத்தைச் சிதறடித்துத் தட்டையாகிவிடும். நனைந்த தார், எதிரே உள்ள விளக்கை நோக்கி நின்றால் கண்ணாடியாகும், விளக்கை முதுகில் வைத்துக்கொண்டால் முழுக்கறுப்பாகும். ஆகவே மழை விட்ட அரைமணிக்குள், விளக்குக்கு எதிர்முகமாக நின்று எடுங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள். கடற்கரை ஊர்களில் எடுத்துத் திரும்பியதும், லென்ஸில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்க்காமல் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

தெருவில் நடந்துகொள்ளும் முறையும் படத்தின் ஒரு பகுதிதான். ரோந்து வருகிற காவலர் நிறுத்திக் கேட்டால், நின்று, அடையாள அட்டையைக் காட்டி, எடுத்த படத்தையும் காட்டுங்கள்; நான் இதுவரை அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். குடியிருப்புத் தெரு என்றால் ஒருநாள் மாலையிலேயே போய், இரவு வரப்போவதாக இரண்டு வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். கடைத் திண்ணையில் படுத்திருப்பவரை மட்டும் எடுக்காதீர்கள். நமக்கு ஆளில்லாத தெருவாக இருப்பது அவருக்குப் படுக்கையறை. அவர் சட்டகத்துக்குள் வந்தால், சட்டகத்தை மாற்றுங்கள்.

கடைசியாக, வெளிறிப்போய், மூன்று விளக்குகள் வெள்ளைப் பொட்டாக நிற்பதாக நீங்கள் கடிதத்தில் விவரித்திருந்த அந்த வேப்பமூடு படம். ரா கோப்பு கையில் இருந்தால் அதை இன்னும் காப்பாற்றலாம். முதலில் மென்பொருளில் மொத்த எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்குங்கள். நிழல்களை ஏற்றி வைத்திருக்கும் ஸ்லைடரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். மூடிய கடை ஷட்டர்களில் விளக்கு விழுகிற பகுதியை மட்டும் தூரிகையால் சிறிது ஏற்றுங்கள், வானத்தைத் தொடாதீர்கள். வெள்ளைப் பொட்டாக நிற்கிற மூன்று விளக்குகளில் ஓரத்திலுள்ள இரண்டையும் வெட்டிவிட்டால், நடுவில் உள்ள ஒன்றைச் சுற்றித் தெரு தானே அமையும். பிறகு எட்டுக்குப் பத்து அங்குலத்தில் பளபளப்பில்லாத தாளில் ஒரு பிரின்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் வாசல் திண்ணையில் வைத்துப் பாருங்கள். திரையில் தெரிந்த நிழல்கள் தாளில் அடைபட்டுப் போயிருந்தால், கால் ஸ்டாப் ஏற்றி இன்னொன்று போடுங்கள். மூன்றாவது பிரின்டில் பெரும்பாலும் சரியாகிவிடும்.